மஞ்சள் பையும் மாமியார் பாத்திரமும்

வெர்னுவா,
மார்ச் மாதம், மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய நாத்தனார் ஓதில் அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் தம்பி ரேமோனின் மனைவி லுசெத் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் தங்கள் தம்பியும் உடம்பளவில் சுகம். அவ்விடம் தங்கள் முழங்கால், ஃபெர்னான் அண்ணாவின் ரத்தக்கொதிப்பு, தங்கள் மருமகள் கிளெமான்ஸின் நாசூக்கு எல்லாம் ஒரு குறையுமில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். முலானிலிருந்து தாங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை நின்றுகொண்டு, இரண்டாம் முறை உட்கார்ந்து. உட்கார்ந்து படித்தபோதும் அதில் ஒன்றும் மாறியிருக்கவில்லை.

தாங்கள் எழுதியதன் சாரம் இதுதான். ஈஸ்டர் விருந்து இனிமேல் என் வீட்டில் இல்லை, கிளெமான்ஸ் வீட்டில். அத்தையின் இரும்புப் பாத்திரத்தை, அதாவது உள்ளே வெள்ளைப் பூச்சும் வெளியே கருநீலமுமாக, மூடியோடு சேர்த்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற அந்தப் பாத்திரத்தை, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ரேமோனிடம் கொடுத்தனுப்ப வேண்டும். "அம்மா பாத்திரத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு, அது தெரிஞ்ச கைக்குப் போகட்டும்" என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். கொடுத்தனுப்புகிறேன், அண்ணி. பாத்திரம் யாரிடமோ விருந்தும் அவரிடம்தான் என்பது நம் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். இத்தனை வருஷம் அந்த விருந்துதான் எனக்கு இந்தக் குடும்பத்தில் இருந்த ஒரே நாற்காலி. அதில் நான் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம். இரண்டும் போகட்டும். கூடவே என் தரப்பையும் அனுப்பிவைக்கிறேன். பாத்திரத்துக்குள் வைத்தால் இடம் நிறையவே இருக்கிறது.

போன அக்டோபரில் தபால் நிலையத்து வாசலில் ஈரச் சருகில் வழுக்கி விழுந்து என் வலது மணிக்கட்டு உடைந்தது தாங்கள் அறிந்ததே. அறிந்து ஒரு பூச்செடி அனுப்பினீர்கள். அந்தச் செடிக்கு ஒற்றைக் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்ததும் நான்தான், அது இருக்கட்டும். மாவுக்கட்டோடு நான் வீட்டுக்கு வந்ததும் தங்கள் தம்பி என் கையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப சாப்பாடு?" என்றார். வலிக்கிறதா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்டார், சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டார். நகராட்சி வரிப்பிரிவில் இருந்து ஊரில் யார் வீட்டில் எத்தனை ஜன்னல் என்று விரல்நுனியில் வைத்திருந்தவருக்குத் தன் வீட்டில் உப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாது. முட்டையாவது வேகவையுங்கள் என்றேன். பாத்திரத்தில் முட்டையை வைத்தார், அடுப்பைப் பற்றவைத்தார், பக்கத்தில் காவல் நின்றார். தண்ணீர் ஊற்றச் சொல்லி நான் சொல்லவில்லையாம், அதனால் ஊற்றவில்லை. அத்தை தன் மகனை எவ்வளவு செல்லமாக வளர்த்திருக்கிறார் என்பதை அந்த முட்டை வெடித்தபோது முழுசாகப் புரிந்துகொண்டேன்.

மறுநாள் அவரை ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் வாங்கிவாருங்கள், நான் சொல்லச் சொல்ல நீங்கள் நறுக்குங்கள் என்றேன். காலையில் போனவர் மதியம் திரும்பினார், கார் நிறைய அட்டைப்பெட்டி. "காய்கறிப் பக்கம் எல்லாரும் தானே எடை போட்டு ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க, எனக்கு அந்த மெஷின் புரியல. பெட்டின்னா மேல படம் போட்டிருக்கு, பின்னால எப்படிச் சூடு பண்ணணும்னு தெளிவா எழுதியிருக்கு" என்றார். அரசாங்கத்தில் வேலை பார்த்தவர், எழுதியிருப்பதை நம்புவார். அண்ணி, அதுவரை இப்படிப்பட்ட பெட்டிகளைக் கூடையில் வைத்திருக்கும் பெண்களைக் கண்டால் எனக்கு ஆகாது. வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டிருக்கிறேன். தாங்களும் விட்டிருக்கிறீர்கள், இருவரும் சேர்ந்தே விட்டிருக்கிறோம்.

அன்று அவர் எடுத்தது, அடியில் கொத்துக்கறியும் மேலே மசித்த உருளைக்கிழங்குமாக ஒரு பெட்டி. பின்னால் எழுதியிருப்பதைச் சுற்றறிக்கை வாசிப்பதுபோல உரக்க வாசித்தார். மைக்ரோவேவ் கத்தியது. கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சாப்பிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது. விளிம்பில் லேசாகக் கருகி, நடுவில் வெண்ணெய் மணக்க, உப்பு சரியாக. ருசிகூடப் பெரிசில்லை அண்ணி, பாதி சாப்பிட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது, நான் உட்கார்ந்திருந்தேன். முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரைக்கும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். ஒரு வேளை சாப்பாட்டைச் சூட்டோடு முடித்ததில்லை. முதல் பதார்த்தம் வைக்கணும், அதை எடுத்துட்டுக் கறி வைக்கணும், கறியை எடுத்துட்டுக் கீரை, கீரையை எடுத்துட்டுச் சீஸ். நடுவே ரொட்டி தீர்ந்துபோகும், தண்ணீர் ஜாடி காலியாகும், நான் அப்போதுதான் முள்கரண்டியைக் கையில் எடுத்திருப்பேன், "லுசெத், கடுகு" என்று குரல் வரும். கடுகு விழுது இல்லாமல் உங்கள் குடும்பத்தில் யாருக்கும் தொண்டைக்குள் கறி இறங்காது. அந்தக் கடுகு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே கிடையாது, எழுந்து போகும் தூரத்தில்தான் எப்போதும் இருந்தது.

கட்டு பிரித்த பிறகும் நான் திருந்தவில்லை. திருந்துவதுபோல் ஒரு வாரம் நடித்தேன். அப்புறம் நானே போக ஆரம்பித்தேன். குளிரூட்டிய வரிசையில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன், இளம்பெண்கள் துணிக்கடையில் பார்ப்பதுபோல. யாரோ துருவிவைத்த கேரட், எலுமிச்சை பிழிந்து தயாராக. யாரோ வேகவைத்துத் தோலுரித்த பீட்ரூட், விரலில் சிவப்பு ஒட்டாது. மூன்று தண்ணீரில் கழுவிய கீரை, பையைக் கிழித்துக் கொட்டினால் போதும், ஒரு புழு, ஒரு மண் கிடையாது. முப்பத்தெட்டு வருஷமாகக் குளிர்காலத்தில் ஐஸ் தண்ணீரில் கீரை அலசிய விரல்கள் இவை. அந்தப் பையை முதல்முறை கையில் எடுத்தபோது இதைக் கழுவிய மனிதர் யாரானாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினேன். உருளைக்கிழங்கைப் பாலேட்டில் அடுக்கிச் சுட்டதை ஆளுக்கொன்றாகக் குட்டி வட்டமாக உறையவைத்து விற்கிறார்கள், பார்த்திருக்கிறீர்களா? பருப்பும் உப்புக்கண்டமும் டப்பாவில் வருகிறது, திறந்தால் ஞாயிற்றுக்கிழமை மணக்கிறது. கடைசியில் கஸ்டர்டில் மிதக்கும் வெள்ளைக்கரு மேகம், கோப்பை கோப்பையாக. அதன் மூடித்தாளை உரித்து, தாளின் உட்பக்கத்தை யாரும் பார்க்காதபோது நக்கியிருக்கிறேன். ஆமாம், நக்கினேன். அறுபத்து நான்கு வயதில் எனக்குக் கிடைத்த சுகம் இது. இதைச் சொல்லத் தங்களைத் தவிர எனக்கு யாருமில்லை என்பது என் தலையெழுத்து.

சுகம் இருந்தால் பயமும் இருக்குமே. எங்கள் ஊரில் மறுசுழற்சிக் குப்பைக்கு நகராட்சி கொடுப்பது மஞ்சள் பை, அதுவும் கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் பை. வெள்ளிக்கிழமை மாலை வாசலில் வைத்தால் ஒவ்வொரு வீட்டிலும் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை சாப்பிட்டார்கள் என்று தெருவே நின்று வாசிக்கலாம். எதிர்வீட்டு மதாம் குவினு நாயை நடத்திப் போவதே அதற்குத்தான். ஆகவே நான் ஒவ்வொரு பெட்டியையும் பசை விட்ட இடத்தில் பிரித்து, உள்ளே இருப்பது வெளியே வரும்படி திருப்பி மடிப்பேன். வெறும் சாம்பல்நிற அட்டை மட்டும் தெரியும். சமையலை விட்டேனே தவிர வேலை குறையவில்லை, பாருங்கள். தங்கள் தம்பி எல்லாவற்றையும் சாப்பிட்டார், ஒரு நாளும் ஒன்றும் கேட்கவில்லை. பையைக் கட்டி வாசலில் வைப்பது அவர் பொறுப்பு. பட்டாளத்தில் கற்றுக்கொண்ட இரட்டை முடிச்சு போடுவார், அதில் அவருக்குப் பெருமை.

இனி அந்த ஞாயிறு. அத்தையின் நினைவுப் பூசை முடிந்து, வழக்கப்படி அத்தையின் பாத்திரத்தில் அத்தையின் பிளாங்கெத். இளங்கன்றுக் கறி, பாலேடு, காளான், வெள்ளைக் குழம்பு. சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் நிற்க வேண்டிய சமையல். நான் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியமே பெட்டிகளை வாங்கிப் பாத்திரத்தில் கவிழ்த்தேன். மேலே ஒரு பிரிஞ்சி இலை, கிராம்பு குத்திய வெங்காயம் ஒன்று, ஒப்புக்கு. ஆனால் முழுசாக மனசு கேட்கவில்லை. அதனால் பூசைக்கு முன்னால் விடியற்காலையில் எழுந்து, சூப்பை மட்டும் என் கையால் செய்தேன். லீக் வெங்காயத்தண்டை அரிந்து, வதக்கி, உருளைக்கிழங்கு போட்டு, வடிகட்டி, எல்லாம் முறைப்படி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கோவிலிலிருந்து நாம் எல்லோரும் நடந்து வந்தபோது எங்கள் வாசலோரம் ஒரு மஞ்சள் பை கிடந்தது, மேலே சிவப்புச் சீட்டு ஒட்டி. தப்பாகப் பிரித்த குப்பையை நகராட்சி எடுக்காது, சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடும். "ஞாயித்துக்கிழமை வாசல்ல இப்படிக் குப்பையைப் போட்டு வச்சிருக்காங்களே, என்ன ஜனங்க" என்றீர்கள். நான் மதாம் குவினுவின் கதவை ஒரு பார்வை பார்த்தேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பார்த்ததோடு சரி. பையிலிருந்து சாம்பல் அட்டைகள் என்னைப் பார்த்தன.

மேசையில் நடந்தது தங்களுக்கு ஞாபகமிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். முதல் வாய் வைத்ததும் தாங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தீர்கள். "அப்படியே அம்மா கை. லுசெத், இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உனக்கு வந்திருக்கு" என்றீர்கள். இத்தனை வருஷமும் நான் நின்று செய்ததற்கு இப்படி ஒரு வார்த்தை தங்கள் வாயிலிருந்து வந்ததில்லை. ஃபெர்னான் அண்ணா மூன்றாம் முறை வாங்கிக்கொண்டு, ரொட்டியால் தட்டையே துடைத்து மெருகேற்றினார். குழம்பு இவ்வளவு பதமாகக் கெட்டியாக என்ன சேர்ப்பீர்கள் என்று கிளெமான்ஸ் கேட்டாள். பொறுமை என்றேன். எல்லோரும் தலையை ஆட்டினீர்கள்.

சீஸ் வைத்தேன். அப்போதுதான் தங்கள் தம்பி ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். "அது நம்ம பை. முடிச்சு என் முடிச்சு" என்றார். விட்டுவிடுங்கள், சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். காலில் விழாத குறை. சட்டப்படி நிராகரித்த பை தெருவில் ஒரு நிமிஷம் இருக்கக்கூடாதாம். போய் எடுத்துவந்தார். சீஸ் தட்டை ஓரமாகத் தள்ளி, செய்தித்தாளை விரித்து, எது தப்பாக வந்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எடுத்தவர் சும்மா வைத்தாரா? மடிப்பைப் பிரித்து, படம் வெளியே வருமாறு திருப்பி, நெற்றிக்கு மேல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். உருளைக்கிழங்கு வட்டம், உறைநிலை. பருப்பு, உப்புக்கண்டம். பீட்ரூட். பிளாங்கெத், பாட்டி முறை. பிளாங்கெத், பாட்டி முறை. பிளாங்கெத், பாட்டி முறை. அதில் உள்ள பொருட்களையும் விடவில்லை. "மாற்றியமைத்த மாவுச்சத்து" என்று வாசித்தபோது கிளெமான்ஸ், "ஓ, அதுதான் பொறுமையா" என்றாள். கடைசியில் அடியில் கையை விட்டு ஒரு ஊறுகாய்வெள்ளரி ஜாடியைத் தூக்கிக் காட்டி, "கண்டுபிடிச்சிட்டேன், கண்ணாடி!" என்றார். அந்த ஜாடியைச் சதுக்கத்துக் கண்ணாடித் தொட்டிவரை கொண்டுபோகச் சோம்பல்பட்டுப் பைக்குள் போட்டவரும் அவர்தான்.

தாங்கள் அவரைப் பார்த்துக் கேட்டீர்கள், "ரேமோன், இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

அண்ணி, அந்த மனுஷர் முதல் பெட்டியைத் தன் கையால் வாங்கி வந்தவர். ஐந்து மாசமாக நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டவர். ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கென்னக்கா தெரியும், சமையல் அவ பொறுப்பு" என்றார்.

தாங்கள் சொன்ன எதுவும் எனக்குச் சுடவில்லை. இது சுட்டது. அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். உள்ளே இருந்து தாங்கள் பேசுவது கேட்டது. அம்மாவை அவமானப்படுத்திவிட்டாளாம். "அந்த சூப்பை வாயில வச்சதுமே நெனச்சேன், பெட்டி சூப்புன்னு" என்றீர்கள். என் கையால் செய்த சூப்பு, அண்ணி. அன்று அந்த மேசையில் நான் நின்று செய்த ஒரே பதார்த்தம். பெட்டிக்கு அழுதீர்கள், என் கைக்கு மூக்கைச் சுளித்தீர்கள். போய்ச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதும் தோன்றியது.

அதற்குப் பிறகும் கிளெமான்ஸ் கொண்டுவந்த ஆப்பிள் டார்ட்டைச் சாப்பிட்டீர்கள், "இது பாரு, கையால செஞ்சது" என்று என் காது கேட்கச் சொல்லிச் சொல்லி. என் துண்டின் அடியில் கொஞ்சம் காகிதம் ஒட்டியிருந்தது. கடையில் சுருட்டி விற்கும் டார்ட் மாவுத்தகட்டோடு வருமே, அதே காகிதம். மடித்து என் நாப்கினுக்குள் வைத்துக்கொண்டேன். இன்னும் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு இணைக்கவில்லை, நான் அப்படிப்பட்டவள் இல்லை.

ஆக, பாத்திரம் வருகிறது. தேய்த்துக் கழுவித் துடைத்துச் சமையலறை அலமாரியில் தயாராக வைத்திருக்கிறேன். நாளை காலை தங்கள் தம்பி காரில் கொண்டுவருவார். ஈஸ்டருக்கு நான் வரமாட்டேன், அவர் வந்தால் அவர் இஷ்டம். அத்தையின் ஆத்மா சாந்தியடையட்டும், தங்கள் முழங்கால் குணமாகட்டும், ஃபெர்னான் அண்ணா உப்பைக் குறைக்கட்டும், கிளெமான்ஸின் கைப்பக்குவம் நாளொரு மேனியும் பொழுதொரு பெட்டியுமாக வளரட்டும். எல்லோருக்கும் என் அன்பையும், கேட்டால் மட்டும், என் மரியாதையையும் சொல்லவும்.

இப்படிக்கு,
இனி தங்களுக்கு எந்தப் பாத்திரமும் பாக்கி வைத்திராத,
லுசெத்

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதவேண்டியதாகிவிட்டது. பாத்திரம் வராது.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்தபோது அடுப்படியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. ஒரு மாதிரி வாடை வந்தது, ரப்பர் எரிகிறதுபோல. போய்ப் பார்த்தால் அத்தையின் பாத்திரம் அலமாரியில் இல்லை, அடுப்பில் இருந்தது, கீழே தீ முழுசாக எரிய. பக்கத்தில் தங்கள் தம்பி என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மேசையில் இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ். பாத்திரம் போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அதில் தானே எனக்குச் சமைத்துப் போடலாம் என்று நினைத்தாராம். பிளாங்கெத் பெட்டி ஒன்று எடுத்திருக்கிறார். மேலே இருந்த தாளை முள்கரண்டியால் குத்தியிருக்கிறார், அது எழுதியிருந்தது. பிளாஸ்டிக் தட்டைக் கழற்றிவிட்டுக் கொட்ட வேண்டும் என்பது எழுதியிருக்கவில்லை. அதனால் தட்டோடு உள்ளே வைத்து மூடிவிட்டார்.

அத்தையின் வெள்ளைப் பூச்சும் கறுப்புப் பிளாஸ்டிக்கும் பாட்டி முறை குழம்பும் இப்போது ஒன்றாகிவிட்டன. எந்தப் பையில் போடுவது என்று தங்கள் தம்பிக்கே தெரியவில்லை.

நான் வழக்கம்போல ஜன்னலைத் திறக்கப் போனேன், துணி எடுக்கப் போனேன். அவர் என்னைத் தடுத்தார். "நீ உட்காரு, லுசெத். அன்னிக்கு அக்கா கேட்டப்ப எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கணும். நான்தான் வாங்கிட்டு வந்தேன்னு சொல்லியிருக்கணும். உட்காரு, நான் பார்த்துக்கறேன்" என்றார். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அதற்கு ஒரு பாத்திரம் போனதென்றால் போகட்டும், அண்ணி. தங்கள் அம்மா இருந்து பார்த்திருந்தால் பாத்திரத்துக்கு அழுதிருப்பாரா, மகனுக்கு அழுதிருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்குத் தாங்கள் இங்கே வரலாம். சூடுபண்ணுவது ரேமோன். என்ன சாப்பாடு என்பது முன்கூட்டியே தெரிய வேண்டுமானால் வாசலில் மஞ்சள் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், இனி நான் பெட்டிகளைத் திருப்பி மடிப்பதாக இல்லை.

இப்போது மத்தி மீன் டப்பா ஒன்றைத் திறந்து, ரொட்டி அரிந்து எனக்கும் வைத்திருக்கிறார். கடுகு எங்கே என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே எழுந்து நான்காவது அலமாரியைத் திறந்து தேடிக்கொண்டிருக்கிறார். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.